தூங்காதவர்களின் வார்டு

என் அண்ணி லேசில் பயப்படுகிறவள் இல்லை. ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸாக இருந்தவள். நடுவில் கரண்ட் போனாலும் டார்ச் வெளிச்சத்தில் கத்தரிக்கோலைச் சரியாக எடுத்து நீட்டுவாள். வீட்டில் கரப்பான்பூச்சி வந்தால் நாற்காலியில் ஏறி நிற்பது என் அண்ணன். துடைப்பத்தோடு வருவது அவள். அப்படிப்பட்டவளுக்கு, பேலியேட்டிவ் கேர் பயிற்சியில் சேர்ந்த முதல் வாரமே சாப்பாடு இறங்கவில்லை.

சேர்ந்ததற்குப் பெரிய லட்சியம் எதுவும் கிடையாது. இனிக் குணமாகாது என்று ஆனவர்களை வலியில்லாமல் பார்த்துக்கொள்ளும் இல்லம் அது. வீட்டிலிருந்து நடந்தே போய்விடலாம், பஸ்ஸில் இடிபட வேண்டாம் என்று கணக்குப் போட்டாள். சாவைப் பார்த்துப் பயமா என்று கேட்டேன். முறைத்தாள்.

"சாவு என்னடி சாவு? தியேட்டர்ல எல்லாரும் மயக்கத்துல கிடப்பாங்க. இத்தனை வருஷத்துல என்னை ஒருத்தரும் ஒரு கேள்வி கேட்டதில்லை. இங்க எல்லாரும் முழிச்சிருக்காங்க. என்னையே பாக்கறாங்க!"

பயிற்சியில் ஒரு பாடம் உண்டு. நோயாளி கேட்காததை நீயாகப் போய்ச் சொல்லாதே. கேட்டால் பொய் சொல்லாதே. அண்ணி இதற்குக் குறுக்குவழி கண்டுபிடித்தாள். யாரும் வாயைத் திறப்பதற்குள் போர்வையை உதறிப் போட்டுவிட்டு வெளியே வந்துவிடுவாள்.

ஜன்னலோரக் கட்டிலில் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் ஒருவர் இருந்தார். கல்லீரலில் புற்றுநோய். அவர் மனைவி வந்த அன்றே அண்ணியின் கையைப் பிடித்துக்கொண்டார். "அவர்கிட்ட மூச்சு விட்டுடாதீங்க, சிஸ்டர். பொண்ணு வெளியூர்ல படிக்கிறா. பரீட்சை முடிச்சிட்டு சனிக்கிழமை வந்துடுவா. அதுவரைக்கும் அவர் தைரியமா இருக்கட்டும்." அண்ணி சரி என்று தலையாட்டினாள். டிரைவரும் எதையும் கேட்கவில்லை. அண்ணிக்கு நிம்மதி.

புதன்கிழமை மதியம் அவரை ஒருக்களித்துப் படுக்கவைத்து முதுகைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள், அண்ணியும் கூடப் பயிற்சி பெறும் இன்னொரு பெண்ணும். டிரைவர் கண்ணை மூடியிருந்தார். தியேட்டரில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. கிடப்பவருக்குக் காது இருப்பதே நினைவில்லாமல், மாமியார் சண்டை முதல் சம்பள உயர்வு வரை எல்லாவற்றையும் அவருக்கு மேலேயே பேசிக்கொள்வார்கள். அண்ணியின் கை வேலை செய்தது, வாய் அதுபாட்டுக்குப் பேசியது.

"பாதத்தைத் தொட்டுப் பாரேன், சில்லுனு ஆயிடுச்சு. இவருக்கு இன்னும் ரெண்டு நாள் தாண்டறதே கஷ்டம்."

"யாருக்கு, எனக்கா?" என்றார் டிரைவர்.

அண்ணி கையிலிருந்த துணியை வாளியில் போட்டுவிட்டு ஓடினாள், நேராகக் கழிவறைக்கு. வாந்தி. முகத்தைக் கழுவிக்கொண்டு அந்த இல்லத்து டாக்டரம்மா முன்னால் போய் நின்று நடந்ததைச் சொன்னாள்.

"மேடம், நான் திரும்பத் தியேட்டருக்கே போயிடறேன். எனக்கு இது சரிப்படாது."

டாக்டரம்மா திட்டவில்லை. திட்டியிருந்தால் அண்ணி தப்பித்திருப்பாள். "போறதுன்னா போங்க. ஆனா நீங்க சொன்னதை வச்சுக்கிட்டு அவர் இப்ப தனியா படுத்திருக்கார்" என்றார்.

வார்டுக்குத் திரும்பும் வராந்தா ஒன்றும் நீளமில்லை. நடக்கவே முடியவில்லை என்று பிறகு சொன்னாள். கத்துவாரா, அழுவாரா, மனைவியைக் கூப்பிட்டு ஊரைக் கூட்டுவாரா? அவளைப் பார்த்ததும் டிரைவர் கேட்டது வேறு.

"சிஸ்டர், சனிக்கிழமை எம்பொண்ணு வர்றா. நான் இருப்பேனா?"

மனைவிக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், கேட்டால் பொய் சொல்லாதே என்ற பாடம் மறுபக்கம். "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது" என்று சொல்லிவிட்டு ஓட, கதவும் திறந்தே இருந்தது.

"உறுதியா யாராலயும் சொல்ல முடியாதுங்க" என்றாள். "ஆனா சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்க வேணாம். இன்னைக்கே கிளம்பி வரச் சொல்லிடலாம்."

அவர் ஜன்னலைப் பார்த்தார். "பயமா இருக்கும்மா."

"எனக்கும்தான்யா" என்றாள் அண்ணி. எந்தப் பாடத்திலும் இல்லாத பதில் அது. வாய் தவறி வந்துவிட்டது.

டிரைவர் நேரத்தைக் கணக்குப் போட்டார். "சாயங்காலம் ஒரு வண்டி இருக்கு. அதைப் புடிச்சா விடியும்போது வந்துடுவா. அடுத்த வண்டி ஊரைச் சுத்திட்டு வரும், அது வேணாம்" என்றார். அந்தத் தடத்தில் வண்டி ஓட்டியவர்.

அந்த நேரம் பார்த்து மனைவி உள்ளே வந்தார். இருவர் முகத்தையும் பார்த்தார். விஷயம் புரிந்துவிட்டது.

"சொல்லிட்டீங்களா? உங்களை நம்பித்தானேம்மா விட்டுட்டுப் போனேன்! நீங்கல்லாம் மனுஷங்கதானா?"

"சண்டையை அப்புறம் வச்சிக்கலாம்" என்றார் டிரைவர். "பொண்ணுக்குப் போனைப் போடு."

அந்த அம்மா பட்டனைத் தப்புத் தப்பாக அமுக்கினார். அண்ணிதான் வாங்கி அமுக்கி டிரைவர் காதில் வைத்துப் பிடித்தாள். "கண்ணு, பரீட்சை கிடக்கட்டும். சாயங்கால வண்டியைப் புடி" என்றார். மறுமுனையில் மகள் ஏன், ஏன் என்று கேட்டது அண்ணிக்கும் கேட்டது.

வியாழக்கிழமை காலையில் மகள் வந்துவிட்டாள். அன்று முழுக்க அப்பாவும் மகளும் பேசினார்கள். வெள்ளிக்கிழமை மதியத்துக்குப் பிறகு அவர் பேசவில்லை, இருட்டுவதற்குள் போய்விட்டார். மகள் அண்ணியின் தோளில் சாய்ந்து அழுதாள். மனைவி அண்ணியின் முகத்தைப் பார்க்காமலே படியிறங்கினார். அது அண்ணிக்கு இன்னும் வலிக்கிறது.

சனிக்கிழமை காலை, அண்ணி தலையைப் பின்னிப் பின்னி அவிழ்த்தாள். "ஒரு நாள் லீவு போடுங்களேன், அண்ணி" என்றேன். "இன்னைக்குப் போகலைன்னா அப்புறம் என்னைக்குமே போக மாட்டேன்டி" என்று செருப்பை மாட்டினாள்.

ஜன்னலோரக் கட்டிலில் புதிதாக ஒருவர் வந்திருந்தார், யாரோ கடைக்காரர். நன்றாக விழித்துக்கொண்டிருந்தார். அண்ணி போர்வையைச் சரிசெய்துவிட்டுத் திரும்பும்போது கூப்பிட்டார்.

"சிஸ்டர், ஒண்ணு கேக்கலாமா?"

அண்ணி நாற்காலியை இழுத்துப் போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.