கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று வாசித்தவை

எனக்குக் குரல் கணீரென்று இருக்கும். பள்ளி ஆண்டு விழாவில் ஒலிபெருக்கி பழுதானால் தலைமையாசிரியர் என்னைத்தான் தேடுவார். அந்தக் குரலை வைத்துக்கொண்டுதான் ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்தேன். கேட்பவர்கள் உடனே, "நீங்க நல்லதுக்குத்தானே செஞ்சீங்க" என்பார்கள். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

எழுபதுகளின் நடுப்பகுதி. மலேசியாவின் கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆசிரியையாக இருந்தேன். கீழ்நாட்டிலிருந்து வந்தவள், குளிரைத் திட்டிக்கொண்டே இருப்பேன். வாந்திபேதி அப்போது நாடு நாடாகப் பரவிக்கொண்டிருந்தது. வானொலியில் கேட்டுவிட்டு, "இந்தக் குளிருக்கு அது மலை ஏறாது லா" என்று எல்லோரும் தைரியமாக இருந்தோம். அது ஏறி வந்தது. தொழிலாளர்களின் வரிசை வீடுகளான கீழ் லயத்தில் ஒரே வாரத்தில் மூன்று வீடுகளில் படுத்துவிட்டார்கள்.

சுகாதார இலாகாக்காரர்கள் வந்து கால்வாயெங்கும் வெள்ளைப் பொடியைக் கொட்டினார்கள். நோயாளிகளை வேனில் ஏற்றிக் கீழே டவுன் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். மற்றவர்கள் வெளியே வராதபடி லயத்தின் இரு முனைகளிலும் கயிறு கட்டினார்கள். அரிசியும் பருப்பும் கயிற்றருகே ஒரு கல்லின்மேல் வைக்கப்படும். பள்ளியை மூடிவிட்டார்கள்.

கயிற்றுக்குள் இருந்தவர்களுக்கு நோய் வரவில்லை. ஆனால் இரண்டு நாட்களுக்குள் ஒருவர் கதவைச் சாத்திக்கொண்டு சோற்றைத் தொடவில்லை. ஒரு பெண் கை தோலுரியும்வரை ஒரே இடத்துச் சிமெண்டைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். கொண்டுபோனவர்கள் இருக்கிறார்களா, இல்லையா என்று தெரியாமல் அவர்கள் உள்ளுக்குள் செத்துக்கொண்டிருந்தார்கள். இன்றைக்கு மனநலம், ஆலோசனை என்று என்னென்னவோ பெயர் வைத்திருக்கிறோம். அன்றைக்குத் தோட்டத்தில் இருந்தது மருந்து கொடுக்கும் ஒரு டிரஸர், அவருடைய மாத்திரை அலமாரி, அவ்வளவுதான்.

டிரஸர் என் வீட்டு வாசலில் வந்து நின்றார். "டீச்சர், ஊசி போட்டுட்டேன், உப்புத் தண்ணியும் குடுத்துட்டேன். இதுக்கு எங்கிட்ட மருந்து இல்ல. ஆஸ்பத்திரி நியூஸ் ஒண்ணுதான் இப்ப மருந்து. ஆபீஸ்ல கணக்கு எழுதற கிராணி தினமும் போன் போட்டுக் கேட்டு எழுதித் தருவாரு. ஆனா கயித்துப் பக்கம் வர பயப்படறாரு. நீங்க படிச்சுக் காட்டுங்க. நீங்க சொன்னா சனங்க நம்பும்."

அப்படி ஆரம்பித்தது. காலை பத்து மணிக்கு நான் ஆபீசில் சீட்டை வாங்கிக்கொண்டு கயிற்றுக்கு இந்தப் பக்கம் நின்று வாசிப்பேன். அந்தப் பக்கம் தலை சீவி, முகம் கழுவி, திருவிழாவுக்கு வந்தவர்களைப் போல நிற்பார்கள். கதவைச் சாத்திக்கொண்டவர்கூட இரண்டாம் நாளே வெளியே வந்துவிட்டார். வாசித்து முடித்ததும் சீட்டைத் தீக்குச்சி கிழித்துக் கொளுத்திவிட வேண்டும். நோய் ஒட்டிவிடும் என்று டிரஸர் போட்ட உத்தரவு அது.

முதல் நாள் முன்வரிசையில் நின்றவள் எட்டு மாதக் கர்ப்பிணி. கொழுந்து பறிப்பவள். அவள் புருஷன் தேயிலை ஃபேக்டரியில் வேலை செய்தவர், முதல் வேனில் போனவர்களில் ஒருவர். சீட்டில் அவர் பெயருக்கு நேராகப் 'பரவாயில்லை' என்றும், ஆஸ்பத்திரி ஆளிடம் அவர் சொல்லி அனுப்பிய ஒரே ஒரு செய்தியும் இருந்தன. வாசித்தேன். இன்னும் ஏதாவது இருக்காதா என்று அவள் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகளின் கட்டுரை ஒரு வரி குறைந்தால் நானே சொல்லிக்கொடுத்து நிரப்பிவிடும் பழக்கம் எனக்கு உண்டு. அன்றும் ஒரு வரி சேர்த்தேன்.

அவள் காதில் விழுந்தவை இரண்டு. வெறுந்தரையில் படுக்கக் கூடாது. சமையலறைப் பின்னால் படர்ந்திருக்கும் சௌசௌக் கொடியை யாரையும் வெட்டவிடக் கூடாது. ஒன்று அவர் சொன்னது. இன்னொன்று என் கைச்சரக்கு. அவள் சிரித்தாள். நான் வீட்டுக்குப் போய்த் திருப்தியாகச் சாப்பிட்டேன்.

மூன்றாம் நாள் கிராணி சீட்டைத் தராமல் என்னை உள்ளே உட்காரச் சொன்னார். டிரஸரும் கங்காணியும் அங்கே இருந்தார்கள். விடியற்காலையில் அவள் புருஷன் இறந்துவிட்டார். உடம்பைத் தரமாட்டார்கள், அரசாங்கமே புதைத்துவிடும் என்றார் கிராணி.

"புள்ளத்தாச்சி காதுல சாவுச் சேதியப் போடக் கூடாது டீச்சர்," என்றார் கங்காணி. "கயிறு அவுக்கட்டும். நாலு பொம்பளைங்க பக்கத்துல இருக்கறப்ப சொல்லிக்கலாம்."

டிரஸர் தலையைக் குனிந்துகொண்டு, "இப்ப சொன்னா ரெண்டு உசுரு," என்றார்.

அது எங்கள் வழக்கம்தான். என் அம்மாவாக இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பார். நான் மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. சீட்டை வாங்கிக்கொண்டு போய், அவர் கஞ்சி குடித்தார் என்று வாசித்தேன்.

அதன்பின் ஒன்பது நாட்கள். பொய் சொல்வது எனக்கு நன்றாக வந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். ஒரேயடியாகக் குணமாக்கவில்லை. ஒருநாள் லேசாகச் சோர்வு என்பேன், மறுநாள் எழுந்து உட்கார்ந்தார் என்பேன். பக்கத்துக் கட்டில்காரரோடு தாயம் ஆடினார் என்றுகூடச் சொன்னேன். கங்காணி சாடையாகச் சொல்லிவிட்டதால் கயிற்றுக்குள் இருந்த மற்றவர்களுக்கும் தெரிந்துவிட்டது. ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி அவளுக்குத் தினமும் தலை பின்னிவிட்டாள். லயமே சேர்ந்து ஒருத்தியைத் தாங்கிப் பிடித்தது. அப்படித்தான் நினைத்துக்கொண்டோம்.

அவள் ஒவ்வொரு காலையும் நெற்றி நிறையக் குங்குமம் வைத்துக்கொண்டு வருவாள். நான் கயிற்றைப் பார்த்துக்கொண்டே வாசிப்பேன். "டீச்சர், உங்க வார்த்தையிலதான் என் உசுரு நிக்குது," என்றாள் ஒருநாள்.

கயிற்றை அவிழ்ப்பதற்கு முந்தைய நாள், இனி என்ன சொல்வது என்று தெரியாமல், "நாளைக்கு வேன் வரும்" என்று சொல்லித் தொலைத்தேன். அடுத்த நாளே எல்லாம் தெரிந்துவிடும் என்று தெரிந்தும் சொன்னேன். ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்கே விளங்கவில்லை.

மறுநாள் கயிற்றை அவிழ்த்தார்கள். மேல் லயத்துப் பெண்கள் உள்ளே வந்தார்கள். அவள் புருஷனின் சட்டையை இஸ்திரி போட்டுக் கையில் வைத்திருந்தாள். "டீச்சர், வேன் எப்ப வரும்?" என்றாள். நான் தரையில் கிடந்த கயிற்றைப் பார்த்தேன். பின்னால் யாரோ ஒருத்தி அடக்க முடியாமல் ஓவென்று அழுதுவிட்டாள். இவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்தாள்.

"எப்ப?"

"மூணாம் நாள்."

விரலை மடித்து எண்ணினாள். "அப்ப இந்த ஒம்போது நாளா கஞ்சி குடிச்சது யாரு டீச்சர்?"

பதினாறாம் நாள் காரியம் உடம்பு இல்லாமலே நடந்தது. அடுத்த மாதம் பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. "பாத்தீங்களா, ரெண்டு உசுரும் தப்பிச்சிருச்சு," என்றார் டிரஸர். அவருக்கு அந்த ஆறுதல் போதுமாக இருந்தது.

அவள் மறுபடியும் கொழுந்து பறிக்கப் போனாள். ஆனால் யார் சொல்லும் அவளிடம் எடுபடவில்லை. மழைக்கு இன்று வேலை இல்லை என்று கங்காணி கத்தினால், நனைந்துகொண்டே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம் வரை போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புவாள். பிரிஞ்சாங் டவுனுக்குப் பஸ் ஓடவில்லை என்றால், சாலைக்கு இறங்கிப்போய் ஒரு மணி நேரம் நிற்பாள். மகள் என் வகுப்பில்தான் படித்தது. "பரீட்சையில ரெண்டாவதா வந்திருக்கா" என்று ஒருமுறை சொன்னேன். "அப்படியா டீச்சர்" என்று மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு பள்ளி வாசலில் நின்று இரண்டு பிள்ளைகளைத் தனித்தனியாகக் கூப்பிட்டு விசாரித்ததை ஜன்னல் வழியே பார்த்தேன். அழுகை வந்தது. அழ எனக்கு என்ன யோக்கியதை என்று அடக்கிக்கொண்டேன்.

அந்தச் சௌசௌக் கொடி மட்டும் தழைத்துக்கொண்டே போனது. அவள் புருஷன் கியா பார்ம் காய்கறித் தோட்டத்திலிருந்து கொண்டுவந்து நட்டது. பாம்பு அடைகிறது என்று தோட்டத்துத் துரை ஆள் அனுப்பியபோது, கத்தியோடு வந்தவர்களின் குறுக்கே நின்று அவள் விடவில்லை. வெறுந்தரையிலும் அவள் படுத்ததே இல்லை என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். பலகை இல்லாத சாவு வீட்டில்கூட இரவெல்லாம் உட்கார்ந்தே இருப்பாளாம்.

எண்பதுகளின் தொடக்கத்தில் எனக்கு மாற்றல் வந்தது. புறப்பட இரண்டு நாள் இருக்கும்போது, வேலை முடிந்து கூடையோடு அவள் என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"ஒண்ணு கேக்கணும் டீச்சர். மூணாம் நாளுக்கு அப்புறம் நீங்க சொன்னதெல்லாம் தள்ளிட்டேன். மொத நாளு அவரு உசுரோடதானே இருந்தாரு? அன்னிக்கு ரெண்டு சொன்னீங்க. தரையில படுக்க வேணாம், கொடிய வெட்டவிட வேணாம்னு. அது ரெண்டும் அவரு சொன்னதுதானே?"

ஆமாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. இத்தனை வருடத்துக்குப் பிறகு இவளிடம் ஒருமுறையாவது உண்மை பேச வேண்டும் என்று எனக்கு அப்போதுதானா தோன்ற வேண்டும்?

"ஒண்ணு அவர் சொன்னதும்மா. இன்னொண்ணு நான் சேத்தது."

"எது?"

யோசித்தேன். எட்டு மாதக்காரியிடம் குளிர்த்தரையில் படுக்காதே என்று யாரும் சொல்வார்கள். அன்று காலை இலாகாக்காரர்கள் லயத்தைச் சுற்றிப் புதரை வெட்டிக்கொண்டிருந்ததை நானும் பார்த்தேன்; அதை வைத்துக் கொடியை நானே சேர்த்திருக்கலாம். தான் நட்ட கொடியை அவர் நினைத்திருக்கவும் கூடும். சீட்டை என் கையாலேயே கொளுத்தினேன். எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை.

"ஞாபகம் இல்லம்மா."

அவள் கூடையைக் கீழே வைத்தாள். "அவரு பேச்சுன்னு எனக்கு இருந்ததே இந்த ரெண்டுதான். இப்ப எத வச்சிக்கிட்டு எத விடறது டீச்சர்?" என்றாள். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

நான் புறப்பட்ட காலையில் சாமான் ஏற்றிய லாரி கீழ் லயத்து வழியாகப் போனது. சௌசௌக் கொடி அடியோடு வெட்டப்பட்டுக் கிடந்தது. பந்தல் கம்பியில் இலைகள் வாடித் தொங்கின. காய்கள் மண்ணில் சிதறிக் கிடந்தன. அவள் மகள் அவற்றைப் பொறுக்கிப் பாவாடையில் கட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் லாரியருகே ஓடி வந்தது.

"அம்மாவே கொடிய வெட்டிப் போட்டுட்டு, முந்தாநாள்லேருந்து வெறுந்தரையில படுத்திருக்கு டீச்சர். குளிருது, எந்திரின்னு சொன்னா கேக்க மாட்டேங்குது. நீங்க வந்து சொல்லுங்க டீச்சர்."

நான் சொன்னால் கேட்பாள் என்று அந்தப் பிள்ளை இன்னமும் நம்பியது. டிரைவர் ஹாரன் அடித்தார். நான் இறங்கவில்லை.