ஒரு விநாடிக் காற்று

டீயை ஊதிக் குடிக்கமாட்டாள் வினோதினி. கொஞ்சம் பச்சைத் தண்ணீரை ஊற்றி, நின்றபடியே மடக்கென்று முடிப்பாள். "ஆறுற வரைக்கும் யாரு நிக்கறது ஆயா?" என்பாள். ஒரகடத்தில் அவள் ஷெட்டைக் கூட்டிப் பெருக்கி டீ போடுகிறவள் நான். மூன்று வருஷமாக அவள் உட்கார்ந்து குடித்துப் பார்த்ததில்லை.

கார்களுக்குப் போகிற இரும்புச் சாமானில் விரிசல் உண்டா என்று கேமராவால் பார்த்துச் சொல்கிற மிஷின் அவள் செய்வது. முன்னே மறைமலை நகரில் ஒரு கம்பெனி லைனில் நின்று, அதே வேலையைக் கண்ணால் பார்த்தவள். எதிலும் முந்தவேண்டும் அவளுக்கு. சாமான் துடைக்கிற ஜோதியோடுகூட, "யாரு ஃபர்ஸ்டுன்னு பாப்போம், வாக்கா" என்று துணியை எடுத்துக்கொண்டு உட்காருவாள். தோற்றால் அன்றைக்கு முகத்தில் விழிக்க முடியாது. இதெல்லாம் ஆகாது என்று நான் சொல்லியிருக்கிறேன், இன்னமும் சொல்வேன். ஆனால் அந்த அவசரம் இல்லையென்றால் இந்த ஷெட் ஏது, பதினோரு பேருக்கு வேலை ஏது?

இன்று காலை பெரிய கம்பெனியிலிருந்து மூன்று பேர் வந்தார்கள். அவர்கள் ஆர்டர் கொடுத்தால் ஷெட் ஓடும், இல்லையென்றால் மூடவேண்டியதுதான். இதே ஆர்டருக்குப் போட்டி போடுகிற ஓசூர்க்காரன் மிஷின் ஒரு சாமானுக்கு நாலு விநாடி எடுக்கிறதாம். இவளுடையதும் நாலுதான். பொறுக்கவில்லை. படம் எடுக்குமுன் சாமான்மேல் ஒரு விநாடி காற்று ஊதும், மூன்று விநாடியில் முடியட்டும் என்று அதை நேற்றே எடுத்துவிட்டாள்.

"தொடச்சாலும் ஓரத்துல எண்ணெ நிக்கும் வினோ. காத்துதான் அத்தத் தள்ளும்," என்று அப்போதே சொன்னாள் ஜோதி.

"அவன் நாலு, நானும் நாலுன்னா, நான் இன்னாத்துக்குக்கா?"

வந்தவர்கள் எதிரிலேயே சிவப்பு விளக்கு எரிந்தது. மறுபடி எரிந்தது. எண்ணெய்க் கோடுகளையெல்லாம் விரிசல் என்று எண்ணி, இருபது நல்ல சாமானில் பதினாலைத் தள்ளிவிட்டது மிஷின்.

"சீக்கிரமா தப்பு பண்ண எங்ககிட்டயே ஆள் இருக்காங்கம்மா," என்றார் வந்தவர்களில் பெரியவர். ஒருத்தரும் சிரிக்கவில்லை.

வேறு நாளாயிருந்தால் எங்கள் எல்லோர்மேலும் பாய்ந்திருப்பாள். இன்று ஜோதி பக்கம் திரும்பினாள். "நீ சொன்னக்கா. நான்தான் கேக்கல." பிறகு அவரிடம், "அரை மணி நேரம் குடுங்க சார். நாலு விநாடிதான் ஆவும். ஆனா சரியா சொல்லும்," என்றாள்.

அவர் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார்.

காற்றுக் குழாயை அவளே மாட்டினாள். அதே இருபது சாமானை ஜோதி மறுபடி துடைத்து வரிசையாக வைத்தாள். நான் வினோதினியிடம் டீயை நீட்டினேன். பச்சைத் தண்ணீர் கேட்கவில்லை. முதல் சாமான் உள்ளே போயிற்று. புஸ்ஸென்று காற்று வந்தது. மிஷினைவிட்டுக் கண்ணை எடுக்காமல், ஸ்டூலை இழுத்து உட்கார்ந்து, டம்ளரை வாயருகே கொண்டுபோய் மெல்ல ஊதினாள்.