எட்டு மெகாபிக்சலில் உம்மா

துபாயில் இருக்கும் என் காக்கா, மூத்த அண்ணன், அதிராம்பட்டினத்தில் எங்கள் வீட்டு முற்றத்துக்கு ஒரு கேமரா மாட்டச் சொன்னார். எங்கள் அம்மா, உம்மா, என்னோடுதான் இருக்கிறார். அவரை அங்கிருந்தே போனில் பார்த்துக்கொள்ளலாம் என்பது காக்காவின் யோசனை. நேரில் வந்து பார்க்கும் யோசனை நான்கு வருடமாக அவருக்கு வரவில்லை.

பட்டுக்கோட்டைக் கடையிலிருந்து மாட்டுவதற்கு ஒருவர் வந்தார். மொட்டைமாடிச் சுவரில், நேர் கிழக்கே பார்த்து மாட்டினார்.

"இவ்வளவு உயரத்துல எதுக்குங்க?" என்று கேட்டேன்.

"உயரத்துல இருந்தாத்தான்க்கா ஃபுல் கவரேஜ்" என்றார்.

எல்லாம் தெரியத்தான் செய்தது. தென்னை மட்டைகள் தெரிந்தன, ஆட்களின் உச்சந்தலை தெரிந்தது. காலை வெயில் நேராகக் கேமராவுக்குள் அடித்ததில் முற்றத்தில் நடப்பவர்கள் எல்லாம் கரிக்கட்டைகளாக இருந்தார்கள். உம்மாவையும் மீன் கொண்டுவரும் பெண்ணையும் பிரித்தறிய முடியவில்லை.

உம்மாவுக்கு மூட்டு தேய்ந்துவிட்டது, சுவரைப் பிடித்துத்தான் நடக்கிறார் என்று காக்காவிடம் பலமுறை சொல்லியிருந்தேன்.

"பாத்தேனே, நல்லாத்தான் நடமாடுறாங்க" என்பார். அடுத்த வாக்கியத்திலேயே, "முகம்தான் தெளிவா இல்ல" என்பார்.

கடைக்காரர் மறுபடி வந்தார். படத்தைப் பார்த்தார், கேமராவை அண்ணாந்துகூடப் பார்க்கவில்லை. "எட்டு மெகாபிக்சல் போட்டுடலாம்க்கா" என்றார். காக்கா உடனே சம்மதித்தார். பெரிய எண்ணைக் கேட்டால் அவருக்கு ஒரு நிம்மதி. புதியது அதே இடத்தில், அதே திசையில் ஏறியது. படம் அதே லட்சணத்தில் வந்தது.

நான் பள்ளியில் கணக்கு டீச்சர். கேமராவைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனாலும் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஏணியைப் போட்டு ஏறினேன். கேமராவின் வட்ட மூடிமேல், பெட்டியில் வரும்போது ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாள் அப்படியே இருந்தது. எட்டு மெகாபிக்சலும் அந்தத் தாளைத்தான் படம் பிடித்துக்கொண்டிருந்தது. அதன்மேல் கடல் காற்றின் உப்பு வேறு படிந்திருந்தது. தாளை உரித்து, ஈரத்துணியால் மூடியைத் துடைத்தேன்.

பிறகு எங்கள் தெரு எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு, கேமராவைக் கீழே இறக்கி, காலை வெயில் அதன் முதுகில் விழும்படி கிழக்குச் சுவரில் மாட்டவைத்தேன். செட்டிங்ஸைத் திறந்தால், பதிவு அதிக நாள் இருக்கட்டும் என்று படத்தின் தரத்தை அடிமட்டத்தில் வைத்திருந்தார் அந்த நிபுணர். அதையும் ஏற்றிவைத்தேன். படம் பளிச்சென்று வந்தது. துணிக்கொடியில் தொங்கிய துப்பட்டாவின் பூவேலைகூடத் தெரிந்தது.

மறுநாள் காலை உம்மா தொழுகைக்கு முன் கைகால் முகம் கழுவி ஒளுச் செய்யக் குழாயடிக்குப் போனார். பத்தடி தூரம்தான். சுவரைப் பிடித்தபடி நடந்து, நடுவில் இரண்டு முறை நின்றார். அவர் குழாயைத் திறப்பதற்குள் என் போன் அடித்தது.

"உம்மா ஏன் இப்படி நடக்குறாங்க?" என்றார் காக்கா.

"ஒரு வருஷமா இப்படித்தான் நடக்குறாங்க."

"நீ எங்கிட்ட சொல்லவே இல்லையே."

"சொன்னேன். படத்துல நல்லா இருக்காங்கன்னு நீங்கதான் சொன்னீங்க."

மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. அழுகிறாரோ என்று எனக்கும் ஒரு கணம் மனம் இளகியது. இந்த முறை டிக்கெட் போட்டுவிடுவார் என்றே நம்பினேன்.

"சரி, நான் ஏற்பாடு பண்றேன்" என்று வைத்துவிட்டார்.

அந்த வாரமே பட்டுக்கோட்டைக்காரர் ஒரு பெட்டியோடு வாசலில் நின்றார். "அண்ணன் சொன்னாங்கக்கா. உம்மா ரூமுக்குள்ள ஒண்ணு மாட்டணுமாம்."

பெட்டியைப் பிரிக்க வேண்டாம் என்று சொல்லி அவரைத் திருப்பி அனுப்பினேன். பிறகு உம்மாவை ஆட்டோவில் ஏற்றி, எலும்பு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன்.