தொண்ணூறு சதவீத அக்கா

பேருந்துக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் அவளுக்கு 'விசில்' என்று பெயர். பிறவியிலேயே பார்வை கிடையாது. பயணிகள் போனில் கொட்டும் வசவுகளைக் கேட்டு, தட்டச்சு செய்து, தலைமை அலுவலகத்துக்கு அனுப்புவது வேலை. திரையில் இருப்பதையெல்லாம் ஸ்க்ரீன் ரீடர் அவளுக்கு வாசித்துச் சொல்லும். கோப்பு போய்க்கொண்டிருக்கும்போது மட்டும் வாசிக்காது. பீப் பீப் என்று கத்தும். சதவீதம் ஏற ஏறக் கீச்சுக்குரலாகும். பெயர் அப்படி வந்ததுதான். ஹெட்போன் மாட்டிக்கொள்ளலாம். மாட்டினால் பக்கத்து மேஜை வம்பு காதில் விழாதே!

"தாயே, அது கத்துறப்பல்லாம் எனக்குப் பல்லு கூசுது," என்று பக்கத்து மேஜை குமாஸ்தா ஒருநாள் கெஞ்சினார்.

விசில் செட்டிங்கைக் குடைந்தாள். பீப்புக்குப் பதில் நமக்குப் பிடித்த ஒலியை வைத்துக்கொள்ள வழியிருந்தது. மணி, மழை, தவளை எல்லாம் போட்டுப் பார்த்தாள். தூக்கம்தான் வந்தது. வீட்டில் அக்கா இருந்தாள். தையல்காரி, தங்கையை விரட்டுவது உபதொழில். ஒருநாள் காலை போனில் ரெக்கார்டிங்கைப் போட்டுவிட்டு, விசில் வேண்டுமென்றே ஆடி அசைந்து கிளம்பினாள்.

நல்ல அறுவடை. பத்து சதவீதத்துக்கு, "எழுந்தாச்சா?" ஐம்பதுக்கு, "இன்னுமா குளிக்கிறே?" தொண்ணூறுக்கு, "பஸ் உனக்காக நிக்குமாடி, எருமை!"

ஆபீஸே சொக்கிப்போனது. 'எருமை' கேட்டால் கோப்பு முடியப்போகிறது என்று குமாஸ்தா டீ குடிக்க எழுந்துவிடுவார்.

ஒருநாள் அக்காவே வாசலில் வந்து நின்றாள். "சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டு வந்திருக்கியே, எருமை!"

"தொண்ணூறு ஆச்சு," என்று தலை நிமிராமலே எழுந்தார் குமாஸ்தா. அறை முழுக்கச் சிரிப்பு. போதாக்குறைக்கு அந்நேரம் பார்த்துக் கம்ப்யூட்டரும், "இன்னுமா குளிக்கிறே?" என்றது.

அக்கா டப்பாவை வைத்துவிட்டுப் பேசாமல் போனாள்.

அதன் பிறகு வீட்டில் வாயே திறக்கவில்லை. அவள் கத்தினால்தானே எங்கே நிற்கிறாள், எந்த மனநிலையில் இருக்கிறாள் என்று தெரியும்? விசில் கூடத்தில் அக்காமேலேயே முட்டிக்கொண்டாள். அப்போதும் ஒரு சொல் வரவில்லை. விசில் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எல்லாத்தையும் அழிச்சுட்டேன்க்கா. மன்னிச்சுடு."

"யாரு அழிக்கச் சொன்னா?"

"உனக்குக் கோபம்னு..."

"கோபம்தான். மூக்கடைச்சிருந்தப்ப பிடிச்சு வெச்சிருக்கே. நாலு பேர் கேக்குற குரல் இப்படியா இருக்கும்? எடு போனை."

அக்கா தொண்டையைச் செருமி, முதுகை நிமிர்த்தி, "பணி ஐம்பது விழுக்காடு நிறைவுற்றது," என்று பேசிக் கொடுத்தாள்.

மறுநாள் அதைக் கேட்ட குமாஸ்தா, "யாரு செத்துட்டாங்க?" என்றார். வாரம் முடிவதற்குள் மேனேஜரே வந்து, "பழைய அக்காவைக் கூட்டிட்டு வாம்மா, இங்க யாருக்கும் வேலையே ஓடலை," என்று சொல்லிவிட்டுப் போனார்.

விசில் வீட்டுக்கு வந்து உள்ளதைச் சொன்னாள். அக்கா தையல் மெஷினை நிறுத்தினாள்.

"நினைச்ச நேரத்துக்குத் திட்டு வருமா? அதுக்கு நீ ஏதாவது பண்ணணும்."

விசில் ரெக்கார்டிங்கை அமுக்கிவிட்டு, கையால் தடவிப் பார்த்து, அக்கா இஸ்திரி போட்டு அடுக்கியிருந்த துணிகள்மேல் சாவகாசமாக உட்கார்ந்தாள்.

அன்று கிடைத்ததில் பாதியை ஆபீஸில் போடவே முடியவில்லை.