சந்தனம் இறுகிய பக்கிள்

அம்மையார்குப்பத்து நெசவுக்காரர் வீட்டில் பிறந்து திருத்தணியில் வாழ்க்கைப்பட்ட சந்திராவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. கைதான் வேகமாக ஓடும். அன்று அந்தக் கை புருஷனிடமிருந்து கார் சாவியைப் பிடுங்கி இடுப்பில் செருகிக்கொண்டது.

கர்ப்பிணி மகள் புவனாவை அரக்கோணம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டும். பழைய காரின் முன்சீட்டு பெல்ட்டோ பக்கிளில் மாட்டவே இல்லை.

"சும்மா மேல போட்டுகினு உக்காரட்டும். போலீசுக்குத் தெரியாது" என்றார் புருஷன் நாகராஜன்.

"போலீசுக்கா பெல்ட்டு? எங்க சின்ன நைனா மவன், என் தம்பி மொறை, அப்படித்தான் போட்டுகினு போனான். கண்ணாடிய ஒடச்சிகினு ரோட்டுல விழுந்தான். நீங்கதான தூக்கினீங்க?"

நாகராஜன் பக்கிளைக் கழற்றிக் கொண்டுவந்தார். உள்ளே மாமனார் வீட்டுத் தறி எண்ணெய் பிசுபிசுத்தது. எது சிக்கிக்கொண்டாலும் அவர் அதைத்தான் ஊற்றுவார். எண்ணெய்க்கு அடியில், ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் கல்லாக இறுகியிருந்தன.

"பொட்டு வெச்சது யாராம்?" என்று சிரித்தார்.

"ஆங், நான்தான். மாட்டலன்னு தெரிஞ்சும் எண்ணெய ஊத்திட்டு இத்தன மாசமா ஓட்டினது யாரு?"

சிரிப்பு நின்றது. சந்திரா சோப்பு கலந்த வெந்நீரில் பக்கிளை ஊறவைத்து, பழைய பிரஷ்ஷால் தேய்த்து, வெயிலில் உலர்த்தினாள். அவர் அதைத் திரும்பப் பொருத்தியதும் தானே உட்கார்ந்து பெல்ட்டை மாட்டி, பலங்கொண்டமட்டும் இழுத்துப் பார்த்தாள். விடவில்லை.

நாகராஜன் சாவிக்குக் கையை நீட்டினார்.

"ஒங்க பக்கத்து பக்கிளுக்கும் நான்தான் பொட்டு வெச்சேன். மாட்டிக் காட்டுங்க."

மாட்டினார். பக்கிள் பிடிக்கவில்லை.

சந்திரா உள்ளே போய், வெந்நீர்ப் பாத்திரத்தை மறுபடியும் அடுப்பில் வைத்தாள்.