எழுத்தில் ஓடிய கல்யாணம்

எங்கள் சின்ன மாமாவின் கல்யாண வீடியோவை லயத்து ஜனங்கள் முதன்முதலில் பார்த்தபோது மாப்பிள்ளை, பெண், ஐயர், வாழைமரம், பந்தியில் வடைக்கு அழுத குழந்தை எல்லாமே ஆங்கில எழுத்துகளாகத்தான் இருந்தன. வேறெந்தக் குடும்பமும் தன் வீட்டுக் கல்யாணத்தை அப்படிப் பார்த்திருக்காது என்பதில் எனக்கு இன்றும் ஒரு பெருமை உண்டு.

காரணம் சித்தி. அம்மாவின் தங்கை. டயகமப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தில், அந்த வரிசை வீடுகளில் ஒன்றில், எங்களோடுதான் இருந்தாள். ஹட்டனில் ஒரு கம்பியூட்டர் வகுப்புக்குப் படிக்கப் போனவள், படித்து முடித்தபின் அங்கேயே சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கத் தொடங்கினாள். அந்த வகுப்பில் புது மெஷின்கள் வந்தபோது பழசு ஒன்றை அவளுக்குக் கொடுத்தார்கள். அது வைரஸ் பிடித்துப் படுத்த படுக்கையாகக் கிடந்த சாமான். அங்கே படிப்பித்த யாழ்ப்பாணத்து சேர் ஒருவர்தான், "இதைப் போட்டுப் பாரும் பிள்ளை, வைரஸ் ஒண்டும் கிட்ட வராது" என்று, விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் லினக்ஸ் சி.டி. தட்டு ஒன்றைக் கொடுத்தாராம். மனுஷர் நல்ல எண்ணத்தில்தான் கொடுத்திருப்பார். சித்திக்கு அன்றைக்குப் பிடித்த பைத்தியம் பிறகு இறங்கவே இல்லை.

பெட்டியைப் போட்டதும் திரையின் மூலையில் ஒரு பென்குயின் வந்து உட்காரும். லயத்தில் யாரும் அதைப் பென்குயின் என்று ஒப்புக்கொள்ளவில்லை. "வாத்துப் பொட்டி" என்றே பெயர் நிலைத்துவிட்டது. அந்த வாத்துப் பெட்டிக்குள் ஒரு மாடு இருந்தது. கோடும் புள்ளியுமாக எழுத்தாலேயே செய்த மாடு. நாம் எதை அடித்துக் கொடுத்தாலும் அதை அது சொல்லும். காலையில் மலை வேலைக்குப் பேர் கொடுக்கப் போக அம்மா எழுந்து வரும்போது "பெரட்டுக்கு நேரமாயிருச்சி" என்று மாடு சொல்லும்படி சித்தி செய்து வைத்திருப்பாள். எழுத்துப் பிசகாக ஒரு கட்டளையை அடித்துவிட்டால் எழுத்தாலேயே செய்த ரயில் ஒன்று புகைவிட்டுக்கொண்டு திரையின் குறுக்கே போகும். அது போய் முடியும்வரை பெட்டி வேறெதையும் கேட்காது. அப்பா அதை மலையேறித் திணறும் பட்டிப்பொல ரயில் என்பார்.

ஒருமுறை சித்தி தம்பியின் தொட்டிலில் கயிறு கட்டி அதன் மறுமுனையைப் பெட்டியின் தட்டுப் போடும் வாயில் முடிந்தாள். அந்த வாய் திறந்து திறந்து மூட, தொட்டில் ஆடியது. தம்பி தூங்கவில்லை. ஒவ்வொரு தடவை வாய் திறக்கும்போதும் கைகொட்டிச் சிரித்தான். தூங்க இருந்த பிள்ளையையும் எழுப்பிவிட்டாயே என்று அம்மா திட்டியதுதான் மிச்சம்.

இதெல்லாம் பெரிய மாமாவுக்குப் பிடிக்கவில்லை. பெரிய மாமா அம்மாவுக்கு மூத்தவர். மலையில் கங்காணி, லயத்தில் அதைவிடப் பெரிய கங்காணி. சித்தி பெட்டியைப் போட்டால் அடுத்த காம்பராவில் தன் வீட்டு பல்பு மங்குகிறது என்பது அவருடைய நிரந்தரப் புகார். மாடு பேசுவதாலும் ரயில் ஓடுவதாலும் வீட்டுக்கு என்ன லாபம் என்று கேட்பார். சித்தி ரயிலை இன்னொரு தடவை விடுவாள்.

அந்தச் சமயத்தில்தான் சின்ன மாமாவின் கல்யாண வீடியோ வந்தது. உடப்புசல்லாவையில் பெண் எடுத்திருந்தோம். ஹட்டனிலிருந்து வந்த வீடியோக்காரர், கேசட் காலம் போய்விட்டது என்று சொல்லித் தட்டாகவே கொடுத்துவிட்டார். லயத்தில் தட்டுப் போடும் டெக் ஒன்றே ஒன்று இருந்தது. அது தீபாவளிக்கு ஓய்வில்லாமல் படம் ஓட்டி உயிரை விட்டிருந்தது. ஞாயிற்றுக்கிழமை புது அத்தையின் அப்பா அம்மா உடப்புசல்லாவையிலிருந்து வருவதாகச் சொல்லி அனுப்பிவிட்டார்கள். பெரிய மாமா எங்கள் வாசலில் வந்து நின்றார்.

"ஞாயித்துக்கெழம சம்பந்தி வீட்டாளுங்க வர்றாங்க. அன்னக்கி இந்த வாத்துப் பொட்டி கல்யாணத்தக் காட்டணும். காட்டலேன்னா மறுநாளே பழைய இரும்புக்காரன்கிட்ட தூக்கிக் குடுத்துருவேன்."

சொன்னால் செய்கிறவர்தான். போன வருஷம் அப்பாவின் ரேடியோ அப்படித்தான் போனது. சித்தி மட்டும் கொஞ்சமும் பயப்படவில்லை. "கலர்லயே காட்டுறேன் பாருங்கண்ணே" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், எல்லோரும் சமையலில் இருந்தபோது, சித்தியும் நானும் தட்டை முதலில் போட்டுப் பார்த்தோம். படம் கண்ணாடி மாதிரி ஓடியது. நல்ல கலர், நல்ல சத்தம். நான் துள்ளிக் குதித்தேன். ஆனால் போகப்போக எனக்கு ஒரு விஷயம் உறைத்தது. வீடியோக்காரருக்கு வேலை தெரியவில்லை, ஆளைக் கொஞ்சம் காட்டிவிட்டு முக்கியமான நேரத்தில் நழுவிவிடுகிறார். மாப்பிள்ளை காரிலிருந்து இறங்குகிறார், படத்தில் சந்தனத் தட்டோடு சித்தி. பெண் வருகிறாள், படத்தில் வாழைமரத்தடியில் சித்தி. ஐயர் மந்திரம் சொல்வது கேட்கிறது, ஐயரைக் காணோம். சித்தி முடியை ஒதுக்கிக்கொண்டிருக்கிறாள். கடைசியில் கெட்டிமேளம் கொட்டுகிறது, ஆளாளுக்கு அட்சதை போடுகிறார்கள். எங்கள் சின்ன மாமா தாலி கட்டுகிற அந்த நேரத்தில் திரை முழுக்க சித்தியின் முகம். கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் நேரே எங்களைப் பார்த்துச் சிரித்தாள்.

"ஐயோ, இந்த மனுசன் என்னா செஞ்சி வச்சிருக்காரு!" என்றாள் சித்தி. பிறகு அந்த இடத்தையே திருப்பிப் போட்டாள். மறுபடியும் திருப்பினாள். பிழை எங்கே என்று கண்டுபிடிக்கப் பார்க்கிறாள் என நினைத்துக்கொண்டேன்.

"தட்டு ஒடஞ்சிருச்சின்னு சொல்லிருவோமா சித்தி?"

"சொன்னா அண்ணன் ஹட்டனுக்கே போயி வேற ஒண்ணு வாங்கிட்டு வந்துரும். எல்லாரும் பாத்துருவாங்க." கொஞ்ச நேரம் நகத்தைக் கடித்தாள். "கலர்ல ஓடுச்சின்னு நீ ஒருத்தர்கிட்டயும் சொல்லக் கூடாது. சரியா?"

சரி என்றேன். அன்று ஆட்டுக்கறிக் குழம்பு. சித்தி ஒரு பிடிகூடச் சாப்பிடவில்லை. பெட்டியைக் காப்பாற்ற வேண்டுமென்றால் கல்யாணத்தைக் காட்ட வேண்டும். காட்டினால் ஏதோ கெட்டுப்போகும். அது என்ன என்பதுதான் எனக்குப் பிடிபடவில்லை. ஒரு வீடியோக்காரர் வேலையைச் சரியாகச் செய்யாததற்கு என் சித்தி ஏன் பட்டினி கிடக்க வேண்டும்?

சாயந்தரம் எங்கள் காம்பரா நிறைந்து வாசலும் நிறைந்துவிட்டது. முன்னால் இரண்டு நாற்காலியில் பெரிய மாமாவும் புது அத்தையின் அப்பாவும் உட்கார்ந்தார்கள். அத்தையின் அப்பா கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர், தடித்த கண்ணாடி போட்டவர். புது அத்தை பாயில் சித்தியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வாத்து வந்தது. சித்தி ஏதோ நீளமாக அடித்தாள். நாதஸ்வரம் ஒலித்தது. கறுப்புத் திரை முழுக்க வெள்ளை எழுத்துகள் எறும்புக் கூட்டமாக ஊரத் தொடங்கின.

"என்னா புள்ள இது, கல்யாணமா பரீச்ச பேப்பரா?" என்றார் பெரிய மாமா.

"இந்த லினக்ஸ்ல இப்பிடித்தாண்ணே தெரியும். கொஞ்சம் தள்ளி இருந்து பாருங்க, வெளங்கும்."

உண்மையிலேயே விளங்கியது. ஆனால் அது கிட்ட இருந்தவர்களுக்கு விளங்கவில்லை. வாசலுக்கு வெளியே பனியில் நின்ற பொடியன்கள்தான் முதலில் கத்தினார்கள்: "அந்தா மாப்புள!" முன் நாற்காலி மரியாதைக்காரர்களுக்கு வெறும் எழுத்து, பின்னால் நின்றவர்களுக்குக் கல்யாணம். சம்பந்தியார் பொறுமை இழந்து கண்ணாடியைக் கழற்றித் துடைக்கப் போனவர், கழற்றியபடியே திரையைப் பார்த்துவிட்டு, "அடடே, வர்றாங்கல்ல!" என்று எழுந்தே விட்டார். உடனே கண்ணாடி போட்டிருந்த எல்லோரும் கழற்றினார்கள். கண்ணாடி இல்லாதவர்கள் கண்ணைச் சுருக்கினார்கள். பெரிய மாமாவும் யாரும் பார்க்கவில்லை என்ற நம்பிக்கையில் சுருக்கினார். வேட்டியை வைத்து ஆளைக் கண்டுபிடிப்பதும், வயிற்றை வைத்து ஐயரைக் கண்டுபிடிப்பதுமாக வீடு அமளிப்பட்டது.

கெட்டிமேளம் வந்தது. திரை முழுக்க ஒரு முகம் நிறைந்து நின்றது.

"இது பொண்ணு இல்லியே," என்றது வாசலிலிருந்து ஒரு பெண் குரல். "மாலயக் காணோமே. யாரு இது?"

பெரிய மாமா கழுத்தை நீட்டினார். புது அத்தை திரையைப் பார்த்தாள், சித்தியைப் பார்த்தாள், திரும்பவும் திரையைப் பார்த்தாள்.

"நான்தாங்க," என்றாள். "மால கீழ எறங்கியிருக்கு."

"அப்ப நான் எங்க?" என்றார் சின்ன மாமா.

"நீங்க குனிஞ்சி தாலி கட்டுறீங்க. எப்பிடித் தெரியும்?"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பொறுக்கவில்லை. கல்யாணப் பெண்ணுக்கே தன் முகம் தெரியவில்லை என்றால் என்ன அநியாயம்! வாயைத் திறந்தேன். சித்தி பாயோடு பாயாகக் கையை விட்டு என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். அந்தக் கிள்ளில் மிச்சக் கல்யாணத்தை நான் கண்ணீரோடுதான் பார்த்தேன். பக்கத்து வீட்டு அக்கா என்னைப் பாசமுள்ள பிள்ளை என்று மெச்சினாள்.

படம் முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னார்கள். டி.வி. எல்லா வீட்டிலும் படம் காட்டுகிறது, எழுத்திலேயே ஆளைக் காட்டுவதற்குப் படிப்பு வேண்டும் என்று சம்பந்தியார் தீர்ப்புச் சொன்னார். சம்பந்தி மெச்சிய சாமானை இரும்புக்காரனுக்குக் கொடுக்க முடியாதல்லவா? பெரிய மாமா தன் கோபத்துக்கு வேறு ஆள் தேட வேண்டியதாயிற்று. ஹட்டனுக்கு போன் எடுத்து, கலரே இல்லாத தட்டைக் கொடுத்துவிட்டதாக வீடியோக்காரரை ஏசித் தீர்த்தார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வீடியோக்காரர் ஒரு பையில் சொந்த டெக்கையே தூக்கிக்கொண்டு வந்து இறங்கினார். ஒல்லியான ஆள், நன்றாக வாரிய தலை, ஆனால் ஏகப்பட்ட ரோஷம்.

"அண்ணே, என் தட்டுல ஒரு பிழையும் இல்ல. கலர் தண்ணி மாதிரி ஓடும். பிழை அந்த வாத்துப் பொட்டியிலதான். ஒங்க டி.வி.யிலயே போட்டுக் காட்டுறேன், எல்லாரயும் கூப்புடுங்க!"

"கூப்புடுறேன்யா!" என்று பெரிய மாமா டி.வி.யைத் தயார் பண்ண உள்ளே போனார். சித்தி ஜன்னலில் நின்றவள் அப்படியே வெளுத்துப் போனாள்.

எனக்கோ கொதித்தது. தன் பிழையை என் சித்தியின் பெட்டி மேல் போடுகிறாரே! நேரே போய் அவர் முன்னால் நின்றேன்.

"ஒங்க தட்டு கலர்லதான் ஓடுது. நாங்க மொதல்லயே பாத்தோம். நீங்கதான் தாலி கட்டுறத விட்டுட்டு சித்திய புடிச்சிருக்கீங்க."

அவர் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குனிந்தார். "சித்தியும் பாத்தாங்களா?"

"பாத்தாங்க."

"ஏசினாங்களா?"

நான் யோசித்து உண்மையைச் சொன்னேன். "அந்த எடத்தையே திரும்பத் திரும்பப் போட்டுப் பாத்தாங்க. சாப்பிடக்கூட இல்ல. ஒங்க பிழைய யாரும் பாத்துறக் கூடாதுன்னுதான் எழுத்துல போட்டாங்க."

அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். சித்தி அங்கே இல்லை. மெதுவாக வயர்களைச் சுருட்டி டெக்கைப் பைக்குள் வைத்தார். பெரிய மாமா சண்டைக்குத் தயாராகச் சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வெளியே வந்தபோது அந்த ரோஷக்காரர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணே, தட்டுலதான் பிழை. என் பிழைதான். சரிபண்ணி நானே கொண்டாந்து தர்றேன்."

பெரிய மாமாவுக்குப் பெரிய ஏமாற்றம். கட்டிய சாரத்தை அவிழ்த்துவிட்டு, "சரி, இருந்து தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்க" என்றார். அவர் போனபின் அப்பாவிடம், "படம் புடிக்கத் தெரியல. ஆனா பிழைய ஒத்துக்குது. நல்ல பொடியன்" என்றார். பெரிய மாமா இப்படி ஏமாறுவார் என்று நான் நினைக்கவே இல்லை. ஏனென்றால் அந்த ஆள் போகும்போது வாசல் படியிலிருந்து தேயிலை மலைத் திருப்பம்வரை சிரித்துக்கொண்டே போனதை நான் பார்த்தேன்.

அன்று சித்தி எனக்காக மாட்டை ஆட வைத்தாள், ரயிலை இரண்டு தடவை விட்டாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் பார்த்ததில்லை. பெட்டி தப்பிய சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டேன். ஆனாலும் என் கடமையை நான் செய்ய வேண்டுமே.

"சித்தி, ஒங்க கல்யாணத்துக்கு மட்டும் அந்த ஆள படம் புடிக்க வச்சிறாதீங்க."

சித்தி சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இல்ல புள்ள, என் கல்யாணத்துல அவரால படம் புடிக்க ஏலாது" என்றாள்.

"சத்தியமா?"

"சத்தியமா."

என் கையில் அடித்தே சத்தியம் செய்தாள். பெரியவர்கள் யாராவது ஒருவராவது நான் சொன்னதைக் கேட்டார்களே என்று நிம்மதியாகத் தூங்கப் போனேன்.