ஞானத் தகப்பன் சொன்ன பதில்

என் கணவர் கோயிலுக்கு வராத ஞாயிறு இல்லை. கோயிலுக்குள் வந்து முழங்கால் போட்ட ஞாயிறும் இல்லை. கருங்குழியில் எங்கள் கோயிலுக்கு முதல் ஆளாக வந்து கதவைத் திறப்பார், மைக் செட்டை மாட்டுவார், நடக்க முடியாதவர்களைத் தான் ஓட்டும் வேனில் ஏற்றிக்கொண்டு வருவார். யாராவது இறந்துபோனால் குழி வெட்டுகிறவர்களோடு மண்வெட்டி பிடிப்பார். ஆராதனை தொடங்கியதும் வெளியே போய்விடுவார். தாறுமாறாக நிற்கும் வண்டிகளை இழுத்து வரிசையாக நிறுத்திக்கொண்டிருப்பார். நற்கருணை அப்பமும் ரசமும் எடுக்க மட்டும் வரவே மாட்டார்.

இத்தனைக்கும் அவருக்கு இதே கோயிலில்தான், நற்கருணை வாங்கும் உரிமையைத் தருகிற திடப்படுத்தல் நடந்தது. நடந்திருக்காவிட்டால் என் அப்பா பெண் கொடுத்திருக்க மாட்டார். திடப்படுத்தியும் திடப்படாத ஆள் என்று நான் கேலி செய்வேன்.

"உனுக்குத் தெரியுது, நீ போய் வாங்கிக்கிற. ஆண்டவரு கீறாரா இல்லையான்னு எனுக்குத் தெரில. தெரியாம போய் வாங்கித் துன்னா அது திருட்டு" என்பார்.

நான் ஓய்வுநாள் பள்ளியில் பாடம் எடுக்கிறவள். நற்கிரியை மட்டும் யாரையும் பரலோகத்தில் கொண்டுபோய்ச் சேர்க்காது, முதலில் விசுவாசம் வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லித் தருவதே நான்தான். வாய்க்கு வந்ததைச் சொல்கிறவள் இல்லை, நம்பித்தான் சொல்கிறேன். அதனால்தான் வயிற்றெரிச்சல். இந்த மனிதரை விட்டுவிட்டு நான் மட்டும் அங்கே போய் என்ன செய்யப்போகிறேன்? கல்யாணமான நாளிலிருந்து என் ஜெபத்தில் பாதி இதுவாகத்தான் இருக்கிறது.

போன மழைக்காலத்தில் ஏரித் தண்ணீர் சாலையில் ஏறி ஓடிய ஒரு மதியம், பக்கத்துத் தெருப் பெண்ணுக்கு வலி கண்டுவிட்டது. அவள் புருஷன் மாமல்லபுரத்தில் ஓட்டல் வேலையில் இருந்தான். ஆம்புலன்ஸ் வந்து சேர வழியில்லை. என் கணவர் கம்பெனி ஆட்களை ஏற்றப் போகவேண்டிய வேனை அப்படியே திருப்பி, அவளையும் அவள் அம்மாவையும் என்னையும் ஏற்றி, சுற்றுவழியில் செங்கல்பட்டு பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். வழியெல்லாம் நான் சத்தமாக ஜெபித்துக்கொண்டிருந்தேன். அவர் தண்ணீருக்குள் பள்ளம் எங்கே என்று பார்த்துக்கொண்டே ஓட்டினார். பெண் குழந்தை பிறந்தது. வேன் முதலாளியிடம் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டார்.

ஞானஸ்நானத்துக்குத் தேதி குறித்ததும் அந்தப் புருஷனும் பெண்டாட்டியும் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றார்கள்.

"அண்ணாத்த, நீதான் ஞானத் தகப்பனா நிக்கணும். வேற யாரும் வாணாம்."

எங்கள் சபை வழக்கப்படி பெண் குழந்தைக்குப் பொறுப்பேற்று நிற்க ஞானத் தாய் இருவர், ஞானத் தகப்பன் ஒருவர். என் கணவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. உடனே சரி என்றுவிட்டார். என்னால் பூரிக்க முடியவில்லை. ஞானஸ்நானத் தொட்டிக்கு முன்னால் நிற்கிறவர்களைப் போதகர் கேள்வி கேட்பார், அதற்கு "விசுவாசிக்கிறேன்" என்று வாய்விட்டுச் சொல்லியாக வேண்டும்.

சபைக் கமிட்டியில் ஒரு பெரியவர் இருந்தார். அணுபுரத்தில் வேலைக் காலத்தைக் கழித்துவிட்டு எங்கள் ஊரில் வீடு கட்டிக்கொண்ட திருநெல்வேலிக்காரர். அவர் போதகரிடம் போய் ஆட்சேபித்தார். என்னிடமும் வந்து, "தங்கமான மனுசன்தான்மா, யாரு இல்லன்னா? ஆனா கிரியையை வச்சு ஞானத் தகப்பன் ஆக முடியாதுல்லா" என்றார். அவர் சொன்னதில் பிழை இல்லை. நான் பிள்ளைகளுக்கு நடத்தும் பாடத்தையே எனக்கு நடத்தினார். அதனால் கோபம் இரட்டிப்பாக வந்தது. போதகர் மட்டும், "அவரே வந்து பதில் சொல்லட்டும்" என்று முடித்துவிட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் என் கணவரின் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டே கெஞ்சினேன்.

"ஒரே ஒரு வார்த்தைதான்யா. எல்லாரும் சொல்லும்போது கூடச் சேந்து சொல்லிட்டு வந்துடேன்."

"நீ சொல்லச் சொல்றது பொய்ம்மா. அதுவும் கொயந்தைய கைல வச்சிகினு."

"அப்போ இன்னாதான் சொல்லப்போற?"

"தெரில" என்று பாத்திரம் கழுவப் போய்விட்டார். எனக்கு அழுகை வந்தது. இஸ்திரிப் பெட்டியை அந்தச் சட்டையின் மேல் இன்னும் கொஞ்சம் அழுத்தித் தேய்த்தேன்.

மறுநாள் குழந்தையை ஏந்திக்கொண்டு தொட்டிக்கு முன்னால் நின்றார். தானே காலையில் மாட்டிய மைக்குக்குப் பக்கத்திலேயே நின்றார். போதகர் கேட்டார். இரண்டு பெண் குரல்கள் "விசுவாசிக்கிறேன்" என்றன. ஆண் குரல் வரவில்லை. கோயில் முழுக்க அது தெரிந்தது. போதகர் காத்திருந்தார். நான் முதல் வரிசையில் கண்ணை மூடிக்கொண்டேன்.

"நான் விசுவாசமா இருப்பேன் ஐயா."

மைக் அதை எல்லாருக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தது. பின் வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பெரியவர் தொண்டையைச் செருமினார். சோறு போட்டவன் வீட்டை விட்டுப் போகாத நாய்க்குச் சொல்கிற விசுவாசம் அது. பைபிளில் இருக்கும் விசுவாசத்துக்கும் தமிழில் அதே சொல்தான்.

"யாருக்கு?" என்று போதகர் மெதுவாகக் கேட்டார்.

"இந்தக் கொயந்தைக்கு. அவருக்கும்தான்... இருந்தாருன்னா."

இப்போது யாரும் சிரிக்கவில்லை. போதகர் குனிந்து ஆராதனைப் புத்தகத்தைப் பார்த்தார். அதில் இந்தப் பதிலுக்கு இடம் இல்லை என்பது எனக்குத் தெரியும். பிறகு புத்தகத்தை மூடாமலே பக்கத்தில் வைத்துவிட்டு இரண்டு கைகளையும் நீட்டினார்.

"பிள்ளையைக் கொடுங்க."

தண்ணீர் பட்டதும் குழந்தை வீரிட்டது. என் கணவரிடம் திரும்பி வந்ததும் அவர் சட்டைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு அடங்கிவிட்டது.

பிரியாணிப் பந்தியில் பெரியவர் என் எதிரே வந்து உட்கார்ந்தார். "அந்தப் பதில் செல்லாதும்மா" என்றார். "செல்லாதுதான்" என்றேன். "ஆனா ஐயா, உங்க வீட்டம்மாவோட அடக்கத்தன்னிக்கு மழையில முழங்கால் சேத்துல நின்னு குழி வெட்டுனது யாரு? அன்னிக்கு விசுவாசம் இருக்கான்னு கேட்டுட்டா மண்வெட்டியக் கொடுத்தீங்க?" அவர் கண் கலங்கியது. நான் அதைச் சொல்லியிருக்க வேண்டியதில்லை, ஆனாலும் சொன்னதற்கு வருத்தப்படவில்லை. கொஞ்ச நேரம் கழித்து என் இலைக்குத் தயிர்ப் பச்சடி வைக்கச் சொல்லிக் கை காட்டினார்.

வேனில் திரும்பும்போது என் கணவர் கேட்டார்: "தப்பா சொல்லிட்டனா?"

"தப்புதான். வண்டிய ஓட்டு."

பாடத்தை நான் மாற்றவில்லை. இப்போதும் பிள்ளைகளுக்கு அதையேதான் சொல்லித் தருகிறேன். மாறியது என் ஜெபம். அவருக்கு விசுவாசத்தைக் கொடும் என்று கெஞ்சிக்கொண்டிருந்தவள், அடுத்த நற்கருணையில் முழங்கால் போட்டபோது கெஞ்சவில்லை. ஆண்டவரே, என்னை மட்டும் பரலோகத்துக்குள்ளே கூப்பிட்டால் நான் வரமாட்டேன், வாசலிலேயே நின்றுகொள்வேன் என்று சொல்லிவிட்டேன். எப்படியும் என் கணவர் அங்கேதான் இருப்பார், வருகிறவர்களின் வண்டிகளை வரிசையாக நிறுத்திக்கொண்டு.